டு லிவ் அண்ட் டை இன் எல்.ஏ. (1985): படமும் அதன் கார் துரத்தலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வில்லியம் ஃப்ரீட்கின் இயக்கி 1985 நவம்பரில் அமெரிக்காவில் வெளியான குற்றப் படம் இது. இதைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் வருவது அதில் உள்ள கார் துரத்தல்தான். அப்புறம் வேறு கேள்விகளும் வரும். துரத்தலைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அதற்கு முந்தைய கதையைச் சொல்லியே ஆக வேண்டும். படத்தின் முடிவைத் தொடும் கேள்விகளைக் கடைசிப் பகுதியில் தனியாக வைத்திருக்கிறேன். இன்னும் படம் பார்க்காதவர்கள் அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

கதை என்ன?

லாஸ் ஏஞ்சல்ஸில் சீக்ரெட் சர்வீஸ் அதிகாரியாக வேலை பார்க்கிறான் ரிச்சர்ட் சான்ஸ். அவனுடைய மூத்த கூட்டாளி ஜிம் ஹார்ட் ஓய்வு பெற இன்னும் சில நாட்களே இருக்கின்றன. அந்த நேரத்தில் ரிக் மாஸ்டர்ஸ் என்ற கள்ளநோட்டுக்காரனைத் தேடி ஹார்ட் தனியாகப் போய்க் கொல்லப்படுகிறார். மாஸ்டர்ஸை எப்படியாவது பிடித்தே தீருவேன் என்று சான்ஸ் கிளம்புகிறான். அந்த ‘எப்படியாவது’ எவ்வளவு தூரம் போகும் என்பதுதான் கதை. சான்ஸுக்குப் புதிய கூட்டாளியாக வருபவன் ஜான் வுக்கோவிச். போலீஸ் குடும்பத்திலிருந்து வந்தவன், விதிப்படி நடக்க நினைப்பவன். அவன் கொஞ்சம் கொஞ்சமாக இந்தச் சுழலுக்குள் இழுக்கப்படுகிறான்.

ஜெரால்ட் பெட்டிவிச் 1984இல் எழுதிய நாவல்தான் மூலம். அவரே சீக்ரெட் சர்வீஸில் வேலை பார்த்தவர். திரைக்கதையையும் ஃப்ரீட்கினோடு சேர்ந்து எழுதினார். அலுவலகத்தில் நடக்கும் பேச்சு, மேலதிகாரியிடம் பணம் கேட்டுக் கெஞ்சுவது, ஒற்றர்களை மிரட்டுவது எல்லாம் படத்தில் இவ்வளவு சாதாரணமாக இருப்பதற்கு அவர் ஒரு முக்கியக் காரணம்.

சீக்ரெட் சர்வீஸ் என்றால் ஜனாதிபதியைப் பாதுகாப்பவர்கள்தானே? கள்ளநோட்டுக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்?

கள்ளநோட்டுதான் அவர்களுடைய முதல் வேலை. 1865இல் நிதித்துறையின் கீழ் அந்த அமைப்பைத் தொடங்கியதே கள்ளநோட்டை ஒழிக்கத்தான். ஜனாதிபதிப் பாதுகாப்பு பிறகு வந்து சேர்ந்தது. 1901இல் ஜனாதிபதி மெக்கின்லி சுட்டுக் கொல்லப்பட்டதும் அந்தப் பொறுப்பும் அவர்களிடம் வந்தது. படம் தொடங்கும்போது சான்ஸ் ஜனாதிபதியின் ஓட்டல் பாதுகாப்பில் இருப்பான், அடுத்து பார்த்தால் கள்ளநோட்டு வழக்கில் இருப்பான். இரண்டும் ஒரே ஆளின் வேலைதான்.

துரத்தல் எதனால் தொடங்குகிறது?

இந்தப் படத்தில் நான் அதிகம் மதிப்பது இதைத்தான். பொதுவாகத் துரத்தல் என்றால் போலீஸ் பின்னால் வரும், திருடன் முன்னால் ஓடுவான். சில படங்களில் நாயகன் மேல் பழி விழுந்து, தப்பே செய்யாமல் ஓடுவான். இங்கே முன்னால் ஓடுபவர்கள் சட்டத்தின் ஆட்கள், அவர்கள் உண்மையாகவே குற்றம் செய்துவிட்டு ஓடுகிறார்கள்.

மாஸ்டர்ஸை நெருங்க, கள்ளநோட்டு வாங்கும் ஆட்களாகச் சான்ஸும் வுக்கோவிச்சும் நடிக்கிறார்கள். மாஸ்டர்ஸ் முன்பணமாக 30,000 டாலர் கேட்கிறான். அலுவலகம் 10,000 டாலருக்கு மேல் தராது. அப்போது சான்ஸுக்குத் தகவல் சொல்லும் ரூத், திருட்டு வைரம் வாங்க 50,000 டாலரோடு ஒருவன் ரயிலில் வருகிறான் என்கிறாள். அவனைக் கொள்ளையடித்து அந்தப் பணத்தை முன்பணமாகக் கொடுப்பது சான்ஸின் திட்டம். வுக்கோவிச் மறுக்கிறான், தயங்குகிறான், கடைசியில் கூடவே போகிறான்.

யூனியன் ஸ்டேஷனில் அந்த ஆளை மடக்கி, ஒரு மேம்பாலத்தின் அடியில் கொண்டுபோய்ப் பணத்தைப் பறிக்கிறார்கள். அதற்குள் அவனைக் கண்காணித்துக்கொண்டிருந்தவர்கள் சுடுகிறார்கள். குண்டு பாய்ந்து சாவது அவன்தான். தங்களைத் துரத்துவது யார் என்று தெரியாமலே இருவரும் காரில் பாய்கிறார்கள். செத்தவன் மாறுவேடத்தில் இருந்த எஃப்.பி.ஐ. ஆள் என்பது அவர்களுக்குத் தெரியவருவது பிறகு, தங்கள் அலுவலகக் கூட்டத்திலேயே.

இந்தக் காட்சியைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசைவதற்குக் காரணம் வேகம் இல்லை. இவர்கள் பிடிபட வேண்டியவர்கள் என்று நமக்கே தெரிகிறது. ஆனாலும் கேமரா காருக்குள் இவர்களோடு இருப்பதால், இவர்கள் தப்பிக்க வேண்டும் என்று மனம் துடிக்கிறது. அந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது. இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ துரத்தல்கள் வந்துவிட்டன. இப்படிப் பார்ப்பவனையும் குற்றத்தில் பங்காளியாக்கிய இன்னொன்றை நான் பார்க்கவில்லை.

துரத்தல் எந்த வழியாகப் போகிறது?

கிடங்குகளும் லாரிகளும் நிறைந்த தெருக்களில் தொடங்குகிறது. சரக்கு ஏற்றி இறக்குபவர்கள் நடுவே புகுந்து, ரயில் பாதையை ஒட்டி ஓடி, ஓடும் ரயிலுக்கு முன்னால் வெட்டிக் கடந்து, லாஸ் ஏஞ்சல்ஸ் ஆற்றுக்குள் இறங்குகிறது. ஆறு என்றதும் தண்ணீரை நினைக்க வேண்டாம். 1938 வெள்ளத்துக்குப் பிறகு அந்த ஆற்றின் பெரும்பகுதியைக் கான்கிரீட் கால்வாயாக்கிவிட்டார்கள். வறண்ட நாளில் அது அகலமான ஒரு சிமென்ட் சாலைதான். அங்கிருந்து மேலேறி, ஃப்ரீவே என்ற விரைவுச்சாலையில் எதிர்த்திசையில், அதாவது ராங் சைடில், வரும் வண்டிகளை நோக்கியே கார் பாய்கிறது.

இதில் ஒரு வரிசை இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் ‘தப்பித்துவிட்டார்கள்’ என்று ஒரு நொடி மூச்சு விடுகிறோம். உடனே இன்னொரு கார் வந்து சேர்கிறது. முதலில் துரத்துவது ஒரு வண்டி, பிறகு எங்கிருந்து எத்தனை என்றே புரியாத நிலை. இடம் எப்போதும் நமக்குத் தெளிவாகத் தெரிகிறது, யார் துரத்துகிறார்கள் என்பதுதான் தெரியவில்லை. குழப்பம் காருக்குள் இருப்பவர்களுடையது. படமாக்கியவரிடம் குழப்பமே இல்லை.

எதிர்த்திசையில் ஓட்டும் யோசனை எங்கிருந்து வந்தது?

ஃப்ரீட்கினின் சொந்த அனுபவம். 1963இல் சிகாகோவில் ஒரு திருமணத்துக்குப் போய்விட்டு வீட்டுக்குக் காரோட்டி வரும்போது கண் அயர்ந்துவிட்டார். விழித்தபோது எதிர்ப்பக்கத்தில் இருந்தார், முன்னால் வண்டிகள் வந்துகொண்டிருந்தன. வண்டியைத் திருப்பித் தப்பித்துவிட்டார். அந்த நொடியை ஒரு படத்தில் எப்படி வைப்பது என்று இருபது ஆண்டுகளுக்கு மேல் யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

காட்சியைப் பார்த்தால் அது புரியும். எதிரே வரும் வண்டிகள் நேராகக் கண்ணுக்குள் வருகின்றன. வெளியிலிருந்து எடுத்த பிரம்மாண்டமான ஷாட்டுகள் உண்டுதான், ஆனால் மனதில் நிற்பது முன்கண்ணாடி வழியாகத் தெரிவதுதான்.

இதை எப்படிப் படமாக்கினார்கள்? ஆபத்து இல்லையா?

கணினி வரைகலை கைகொடுக்காத காலம். பார்ப்பதெல்லாம் நிஜ வண்டிகள், நிஜச் சாலை. ஸ்டன்ட் பொறுப்பு பட்டி ஜோ ஹுக்கர். தன்னுடைய பழைய படமான ‘தி ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷன்’ துரத்தலை மிஞ்சுவதாக ஒன்றைச் செய்ய முடிந்தால்தான் படத்தில் வைப்பேன், இல்லையென்றால் துரத்தலே வேண்டாம் என்று ஃப்ரீட்கின் அவரிடம் சொல்லிவிட்டார். எதிர்த்திசைப் பகுதியை வில்மிங்டன் பக்கம் டெர்மினல் ஐலண்ட் ஃப்ரீவேயில் எடுத்தார்கள். வார இறுதிகளில் சில மணி நேரம் மட்டும் சாலையை மூடித் தருவார்கள். எதிரே வரும் ஒவ்வொரு வண்டியிலும் இருப்பது ஸ்டன்ட் ஓட்டுநர். எந்த நொடியில் யார் எந்தப் பக்கம் விலக வேண்டும் என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது.

துரத்தலுக்கு மட்டும் சுமார் ஆறு வாரம் ஆனது. படத்தின் மொத்தச் செலவே ஏறக்குறைய 60 லட்சம் டாலர்தான் என்பதை வைத்துப் பார்த்தால், இந்த ஒரு காட்சிக்கு எவ்வளவு கவனம் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரியும். படப்பிடிப்பின் கடைசிக் கட்டத்துக்கு இதைத் தள்ளி வைத்து, சிறிய குழுவோடு எடுத்தார்கள்.

சான்ஸாக நடித்த வில்லியம் பீட்டர்சன் பல ஷாட்டுகளில் தானே ஓட்டினார். காரில் இருந்த, வுக்கோவிச்சாக நடித்த ஜான் பேங்கோவின் முகத்தில் தெரியும் பீதியில் நிஜமும் கலந்திருக்கிறது.

பின்சீட்டில் இருப்பவனைப் பற்றிச் சிலர் தனியாகப் பேசுகிறார்களே?

பேச வேண்டியதுதான். துரத்தலின் உயிரே வுக்கோவிச். அவன் ஓட்டவில்லை, அவன் கையில் எதுவும் இல்லை. பின்சீட்டில் இங்கும் அங்கும் உருண்டு கத்துகிறான், கெஞ்சுகிறான். முன்னால் சான்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறான், அவனுக்கு இதில் ஒரு போதை இருக்கிறது. படத்தின் முதல் பகுதியில் சான் பெட்ரோவில் உள்ள வின்சென்ட் தாமஸ் பாலத்திலிருந்து, காலில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதிப்பான். உயிரைப் பணயம் வைப்பது அவனுக்குப் பொழுதுபோக்கு. ஆனால் பாலத்திலிருந்து குதித்தபோது அவன் உயிர் மட்டும்தான் பணயம். ஃப்ரீவேயில் கூட்டாளியின் உயிரும் முகம் தெரியாத அத்தனை ஓட்டுநர்களின் உயிரும் சேர்ந்துவிடுகின்றன. அந்த வித்தியாசம் சான்ஸுக்குத் தெரியவில்லை. வுக்கோவிச்சின் முகத்தைப் பார்த்தால் நமக்குத் தெரிகிறது.

முதல் முறை பார்ப்பவர்கள் சாலையைத்தான் பார்ப்பார்கள். இரண்டாவது முறை பின்சீட்டை மட்டும் பாருங்கள். அது வேறு படமாக இருக்கும்.

‘தி ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷன்’ துரத்தலைவிட இது சிறந்ததா?

அதுவும் ஃப்ரீட்கின் படம்தான், 1971இல் வந்தது. புரூக்ளினில் மேலே ரயில், கீழே கார். சிறந்த படம், சிறந்த இயக்குநர் உட்பட ஐந்து ஆஸ்கர் வாங்கியது.

என் தீர்ப்பு: முரட்டுத்தனத்தில் 1971 முந்துகிறது, ஆழத்தில் 1985. முதலாவதில் போலீஸ்காரன் ஒரு கொலைகாரனைத் துரத்துகிறான். அவன் வழிமுறை தப்பாக இருந்தாலும் இலக்கு சரி. இரண்டாவதில் இலக்கும் அழுகிப்போயிருக்கிறது. அதே இயக்குநர் தன் காட்சியையே எடுத்து, நாயகனைத் துரத்தப்படுபவன் இடத்தில் உட்கார வைத்திருக்கிறார். ஒன்றை மட்டும் தேர்ந்தெடு என்றால் நான் 1985 பக்கம் நிற்பேன்.

எண்பதுகளின் ஸ்டைல் என்கிறார்களே, அது என்ன?

ஒளிப்பதிவு ராபி முல்லர். நெதர்லாந்துக்காரர், ‘பாரிஸ், டெக்சாஸ்’ படத்தை எடுத்தவர். லாஸ் ஏஞ்சல்ஸ் என்றால் கடற்கரை, பனைமரம், ஹாலிவுட் மலை என்று பழகிய கண்ணுக்கு அவர் காட்டுவது துறைமுகம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, ரயில் தண்டவாளம், காலி மைதானம். ஆரஞ்சு நிறத்தில் புகைபடிந்த வானம், அடர்த்தியான சிவப்பு, பச்சை. அழுக்கான இடத்தை அழகாகக் காட்டுகிறார், ஆனால் அழுக்கைத் துடைக்காமல் காட்டுகிறார். துரத்தலில் வேலை செய்த இரண்டாம் குழுவின் ஒளிப்பதிவாளர் ராபர்ட் யோமன். பின்னாளில் வெஸ் ஆண்டர்சன் படங்களால் பெயர் பெற்றவர்.

இசை இங்கிலாந்தைச் சேர்ந்த வாங் சங் குழு. சிந்தசைசர் ஒலியும் தாளமும் படம் முழுக்க ஓடுகின்றன. படத்தின் பெயரில் பாட்டு வேண்டாம் என்று ஃப்ரீட்கின் முதலில் சொல்லியிருந்தார். அவர்கள் அதே பெயரில் ஒரு பாட்டு எழுதிக்கொண்டு வந்தார்கள், கேட்டதும் பிடித்துப்போய்ப் படத்தில் வைத்துவிட்டார்.

இசை பழையதாகிவிட்டது என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த மனிதர்கள் எல்லோரும் மேல்பூச்சில் வாழ்கிறவர்கள். அந்தப் பளபளப்பான ஒலி அவர்களுக்குச் சரியாகப் பொருந்துகிறது.

கள்ளநோட்டு அடிக்கும் காட்சி நிஜமா?

முறை நிஜம். அந்தத் தொழிலில் இருந்த ஒருவரின் ஆலோசனையோடு எடுத்தார்கள். நோட்டைப் புகைப்படம் எடுப்பது, நெகட்டிவைத் தூரிகையால் திருத்துவது, தகடு செய்வது, மையைக் கலப்பது, ஆஃப்செட் அச்சில் ஓட்டுவது, கடைசியில் சூதாட்டச் சில்லுகளோடு துணி உலர்த்தும் இயந்திரத்தில் போட்டுச் சுழற்றிப் புதுநோட்டைப் பழசாக்குவது என்று எல்லாம் வசனம் இல்லாமல் இசையோடு நகர்கிறது. மாஸ்டர்ஸாக நடிக்கும் வில்லெம் டஃபோவின் கைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மாஸ்டர்ஸ் ஓர் ஓவியனும்கூட. தான் வரைந்ததைத் தானே கொளுத்துபவன், கள்ளநோட்டை மட்டும் அவ்வளவு அக்கறையாகச் செய்கிறான்.

படத்துக்காகப் பத்து லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள போலி நோட்டுகள் அச்சடித்தார்கள். வெளியே செல்லாமல் இருக்க வேண்டுமென்றே மூன்று பிழைகள் வைத்தார்கள். அப்படியும் கொஞ்சம் வெளியே போய், அரசாங்க அதிகாரிகள் குழுவினரை விசாரிக்கும் அளவுக்கு வந்துவிட்டது. அன்றைய டாலர் நோட்டில் பாதுகாப்பு இழையோ நுண்ணெழுத்தோ கிடையாது. அவை 1990 வரிசை நோட்டுகளிலிருந்துதான் வந்தன.

நடிகர்கள் யார் யார்?

அன்று யாரும் நட்சத்திரம் இல்லை. பீட்டர்சன் சிகாகோ நாடகமேடையிலிருந்து வந்தவர். பேங்கோவைப் பரிந்துரைத்ததும் அவர்தான். டஃபோவுக்கு அடுத்த ஆண்டே ‘பிளட்டூன்’ அமைந்தது. இளம் ஜான் டர்டுரோ மாஸ்டர்ஸின் ஆளாக வருகிறார். விமான நிலையத்தில் அவரைத் துரத்தும்போது நகரும் நடைபாதையின் தடுப்புமேல் பீட்டர்சன் ஏறி ஓடுவார். அதற்கு அனுமதி இல்லை. ஒத்திகை என்று சொல்லிவிட்டுக் கேமராவை ஓடவிட்டார்கள். தெரிந்த முகங்கள் இல்லாததால், யார் கடைசிவரை இருப்பார்கள் என்று கணிக்க முடியாமல் போகிறது. இது படத்துக்குப் பெரிய பலம்.

நாயகனைப் பிடிக்கவே இல்லை. நான் படத்தைத் தப்பாகப் பார்க்கிறேனா?

இல்லை, சரியாகத்தான் பார்க்கிறீர்கள். ரூத்தை அவன் நடத்தும் விதத்தைக் கவனியுங்கள். சிறையிலிருந்து நிபந்தனையோடு வெளியே வந்தவள் அவள். தகவல் தருவதை நிறுத்தினால் திரும்ப உள்ளே அனுப்பிவிடுவேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறான். அவளோடு படுக்கையையும் பகிர்ந்துகொள்கிறான். ரூத்தாக நடித்த டார்லான் ஃப்ளூகல் மிகக் குறைந்த வசனத்தில் அந்த அடிமைத்தனத்தைக் காட்டியிருக்கிறார். அவளுக்கு இன்னும் அதிக இடம் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் குறை.

இன்னொரு குறை, ஓய்வுக்கு முன் கொல்லப்படும் மூத்த கூட்டாளி. எத்தனையோ படங்களில் பார்த்தது. அதை மட்டும் பொறுத்துக்கொண்டு தாண்டிவிடுங்கள்.

குடும்பத்தோடு பார்க்கலாமா?

பெரியவர்களுக்கான படம். அமெரிக்காவில் ‘ஆர்’ சான்றிதழ். ரத்தம், நிர்வாணம், கெட்ட வார்த்தை எல்லாம் உண்டு.

வெளியானபோது ஓடியதா?

அமெரிக்காவில் சுமார் 1.7 கோடி டாலர் வசூலித்தது. செலவைப் பார்த்தால் நஷ்டம் இல்லை, பெரிய வெற்றியும் இல்லை. விமர்சகர் ரோஜர் ஈபர்ட் முழு நான்கு நட்சத்திரம் கொடுத்தார். பெயர் வளர்ந்தது வீடியோ, டிவிடி காலத்தில்தான்.

*இனி வருவது முடிவைப் பற்றியது.*

படம் முடிவதற்கு முன்பே நாயகனைக் கொன்றுவிடுகிறார்களே, ஏன்?

கடைசிக்குச் சற்று முன்னால், மாஸ்டர்ஸைக் கைது செய்யப்போன இடத்தில் சான்ஸ் முகத்தில் சுடப்பட்டுச் சாகிறான். முன்னறிவிப்பு எதுவும் கிடையாது, கடைசி வசனம் கிடையாது. சாதாரணமாக விழுகிறான். முதல் முறை பார்க்கும்போது எழுந்துவிடுவான் என்று காத்திருப்போம்.

துரத்தலில் அவன் தப்பித்ததை நினைத்துப் பாருங்கள். அத்தனை வண்டிகளுக்கு நடுவே கீறல் இல்லாமல் வந்தவன் ஓர் அறைக்குள் ஒரு நொடியில் போய்விடுகிறான். துரத்தல் அவனுக்கு ‘நான் சாகமாட்டேன்’ என்ற தைரியத்தைக் கொடுத்துவிட்டது. அந்தத் தைரியத்தின் விலை இங்கே கொடுக்கப்படுகிறது. அதனால்தான் துரத்தலைத் தனியாக வெட்டி எடுத்து இணையத்தில் பார்ப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன். காட்சியின் பாதி பலம் அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது.

வுக்கோவிச் ஏன் அப்படி மாறிவிடுகிறான்?

மாஸ்டர்ஸின் கதையை முடிப்பது அவன்தான். அப்புறம் ரூத் வீட்டுக்குப் போகிறான். ஊரை விட்டுக் கிளம்பத் தயாராக இருக்கிறாள். இனிமேல் நீ எனக்காக வேலை செய்கிறாய் என்கிறான். உடை, நடை, பேச்சு எல்லாம் சான்ஸ். பின்சீட்டில் கதறியவன் ஓட்டுநர் இடத்துக்கு வந்துவிட்டான். இந்த மாற்றம் திடீரென்று வருவதாகச் சிலர் சொல்வதுண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கொள்ளைக்குச் சம்மதித்த அன்றே அது தொடங்கிவிட்டது. துரத்தலுக்குப் பிறகு குற்ற உணர்வில் ஒரு வக்கீலைத் தேடிப் போகிறான், ஆனால் கூட்டாளியைக் காட்டிக்கொடுக்க மறுக்கிறான். திரும்பி வர வழி இருந்த கடைசி இடம் அது.

வேறொரு முடிவும் எடுத்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. நாயகன் சாவதைத் தயாரிப்புத் தரப்பு விரும்பவில்லை. அவர்களுக்காக இன்னொரு முடிவை எடுத்தார் ஃப்ரீட்கின். அதில் சான்ஸ் பிழைத்துக்கொள்கிறான், இருவரையும் அலாஸ்காவுக்கு மாற்றிவிடுகிறார்கள். அதைப் போட்டுக் காட்டிவிட்டு, தன் முடிவையே வைத்துக்கொண்டார். 2003இல் வந்த டிவிடியில் அந்த மாற்று முடிவு இருக்கிறது. பார்க்க ஆசைப்பட்டால் முழுப் படத்தையும் பார்த்து சில நாள் கழித்துப் பாருங்கள், உடனே பார்த்தால் அசல் முடிவின் வேகம் குறைந்துவிடும்.

இது பிடித்திருந்தால் அடுத்து எதைப் பார்க்கலாம்?

பீட்டர்சனுக்காக ‘மேன்ஹன்டர்’ (1986). ஃப்ரீட்கினின் இன்னொரு உச்சத்துக்காக ‘சார்சரர்’ (1977), வெடிமருந்து ஏற்றிய லாரிகள் காட்டுப்பாதையில் போகும் படம், வேகமே இல்லாமல் பதற்றத்தைக் கட்டுவது எப்படி என்று அதில் பார்க்கலாம். துரத்தலுக்காக மட்டும் என்றால் ‘ரோனின்’ (1998). அதிலும் கார்கள் எதிர்த்திசையில் பாய்கின்றன, இந்த முறை பாரிஸில்.